நர்ஸம்மா பாட்டுக்கு வெட்டு வைத்தவள்

கத்திரியக்காவுக்குச் சங்கீதம் தெரியாது. இதை அவள் வெட்கப்பட்டும் சொல்வதில்லை, பெருமைப்பட்டும் சொல்வதில்லை. செருப்பு அளவைச் சொல்வதுபோலச் சொல்வாள். டயர் கடைக்கு மேலே உள்ள அறையில் பாட்டுக்குழு கூடும்போது மற்றவர்கள் எழுந்து நின்று வாயைத் திறக்க, அவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுத்தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பாள். அவற்றைத் தட்டச்சு செய்து தருவது அவள்தான். குழுவில் அவளுடைய இடம் அவ்வளவே. அதுவும் தம்பியால் வந்தது. அவன் குழுவின் கிட்டார்க்காரன்.

அவள் பிழைப்பு நடத்தியது சீருடை தைக்கும் ஆலையின் வெட்டும் பிரிவில். நீண்ட மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத்தாளை வைத்து, மின்கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். வெட்டி முடித்த பிறகு சிறிய கத்திரியை எடுத்துத் துணியின் ஓரத்தில் அங்கங்கே நறுக் நறுக்கென்று சிறு வெட்டுகள் வைப்பாள். சட்டைக் கையின் வளைவு தோளில் எங்கே சேரவேண்டும், காலர் எங்கே தொடங்கவேண்டும் என்று தையல்காரிக்குச் சொல்வது அந்த வெட்டுதான். புதிதாக வந்தவர்கள் சாக்பீஸால் கோடு போடுவார்கள். "கோடு துணி மேல இருக்கு, கை பட்டா போயிடும்" என்பாள் கத்திரியக்கா. "வெட்டு துணியிலயே இருக்கு. அது எங்க போகும்?"

அப்பா போன பிறகு அவள்தான் தம்பியைப் படிக்கவைத்தாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவளிடம் கேட்டால், "அவன் எங்க படிச்சான், பாஸ் பண்ணான், அவ்வளவுதான்" என்பாள். அவன் வயரிங் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், அவள் குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்த்தளத்துக்குக் குடிவந்தான். நாற்பதைத் தாண்டியதும் கண்ணில் அழுத்தம் என்றார்கள். பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் ஏணியின் பக்கவாட்டுக் கம்பி தெரியவில்லை. பிறகு பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை. கடைசியில், உறிஞ்சுகுழல் வழியாகப் பார்ப்பதுபோல் நட்டநடுவில் ஒரு துளி மட்டும் மிஞ்சி, அதுவும் ஒரு மழைக்காலத்தில் அணைந்தது. வயரிங் வேலை போனது. கிட்டார் போகவில்லை. பழகிய பாட்டுகள் விரலில் இருந்தன. வாரத்தில் ஒரு நாள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு டயர் கடை மாடிக்குப் போவான். மற்ற நாள்களில் வாசல்படியைத் தாண்டுவதில்லை.

அந்த வருடம் நர்ஸம்மா இறந்தாள். குழுவின் பெரிய குரல் அவளுடையது. வார்டில் வேலை முடித்து, நர்ஸ் உடுப்போடே மாடியேறி வந்து பாடிவிட்டுப் போவாள். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்தபோது ஒரு பாட்டு எழுதினாள். பார்க்கப் போனவர்களுக்கு மெல்லிய குரலில் பாடிக் காட்டினாள். மெட்டு எல்லோருக்கும் பதிந்துவிட்டது. ஒரு காலத்தில் தம்பியிடம் நாலைந்து கார்ட், அதாவது பல கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிடிகள், கற்றுக்கொண்டவள் என்பதால், எந்த இடத்தில் கிட்டாரில் எந்தக் கார்ட் மாறவேண்டும் என்று வரிகளுக்கு மேலே பேனாவால் குறித்தும் வைத்திருந்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் கத்திரியக்கா ஆலைக் கணினியில் தட்டச்சு செய்தாள். வார்த்தைகள் ஒரு வரி. அதற்கு மேலே கார்ட் எழுத்துகள் ஒரு வரி. எழுத்து சரியான இடத்துக்கு வரும்வரை இடைவெளிப் பட்டையைத் தட்டிக்கொண்டே போவாள். எல்லாப் பாட்டுத்தாளும் அப்படித்தான். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அது என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது; ஆஸ்பத்திரிப் படுக்கையோரத்துக் காகிதங்களின் கதி அதுதான்.

நினைவுக்கூட்டத்தில் அந்தப் பாட்டைப் பாடுவது என்று முடிவாயிற்று. குழுவின் தலைவர் பேச்சுக்குப் பேச்சு 'ம்ம்ம்' என்று சுருதி பிடிப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹம்மிங் அண்ணன். அவர் தம்பியிடம் தயங்கித் தயங்கி, "புதுப் பாட்டாச்சேப்பா... ம்ம்ம்... முடியலைன்னா சொல்லு, வெளியாளு ஒருத்தர் கீபோர்டு வாசிப்பாரு" என்றார்.

"வாசிக்கிறேன் அண்ணே" என்றான் தம்பி. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான்: "இது வரலைன்னா, கிட்டாரை உங்க அண்ணன் வீட்டுக்குக் குடுத்துரு. இடத்தை அடைச்சுக்கிட்டு."

கத்திரியக்கா அதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். கிட்டார் போனால் டயர் கடை மாடி போகும்; மாடி போனால் வாசல்படி போகும். அதற்குப் பிறகு அவனுக்குச் சுவர்தான். செருப்பை மறுபடி ஒழுங்காக வைத்தாள்.

மறுநாள் பாட்டை அவன் போனுக்கு அனுப்பினாள். போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. அது வாசித்தது: "ஜி. ஈ மைனர். சி. டி." பிறகு ஒரு மூச்சு விட்டு, "கதவைத் திறந்து வைத்துப் போகிறேன், காற்றே நீ வந்து சாத்திவிடு."

தம்பி இன்னொரு முறை போட்டுக் கேட்டான். "ஏங்க்கா, சோத்தை இங்க வெச்சுட்டு உப்பைப் பக்கத்து வீட்டுல வெச்ச மாதிரி இருக்கு. எந்த வார்த்தைக்கு எது?"

கத்திரியக்கா திரையைப் பார்த்தாள். கண்ணுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இந்த எழுத்து இந்த வார்த்தைக்கு நேர் மேலே. ஆனால் 'மேலே' என்பது அந்தக் குரலுக்குக் கிடையாது. அதற்கு முன்னே, பின்னே, இரண்டுதான். அவள் பொறுமையாகத் தட்டித் தட்டி வைத்த இடைவெளிகள் எல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை.

ஹம்மிங் அண்ணனிடம் கேட்டாள். "ம்ம்ம்... வேற மாதிரியும் எழுதுவாங்க" என்றார். "கார்டைச் சதுர அடைப்புக்குள்ள போட்டு, வரிக்குள்ளயே, அந்த அசைக்கு முன்னாடி ஒட்டிவெச்சிருவாங்க. எனக்குப் பிடிக்காது. சோறு தின்னும்போது கல்லு மாட்டுற மாதிரி, கண்ணை உறுத்தும்."

"அவனுக்குக் கண்ணை உறுத்தாது அண்ணே" என்றாள். அவர் ஹம் செய்வதை நிறுத்திவிட்டார்.

மதிய உணவு நேரத்தில் ஆலைக் கணினியின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கு அது புரிந்த வேலையாக இருந்தது. இதுவரை சாக்பீஸ் கோடு, இனி வெட்டு. திரையில் மேல்வரியின் எழுத்து எந்த அசைக்கு மேலே நிற்கிறதோ அங்கே கீழ்வரியில் அடைப்புக்குறியைத் திறந்தாள்.

[ஜி]கதவைத் திறந்து [ஈ மைனர்]வைத்துப் போகிறேன்.

ஒரு வரியையும் அவசரமாகச் செய்யவில்லை. நகம் அளவுகூடப் பிசகாமல் வைத்தாள். எழுந்தபோது டிபன் பாக்ஸ் திறக்காமலே இருந்தது.

போனிலிருந்த குரல் முதலில் "சதுர அடைப்புக்குறி ஜி சதுர அடைப்புக்குறி" என்று வாசித்து உயிரை வாங்கியது. தம்பி மனைவி எதையெதையோ அமுக்கி அதன் வாயை அடைத்தாள். "இந்த வீட்ல என்னை விட அதிகமாப் பேசறது இது ஒண்ணுதான் அண்ணி" என்றாள். பிறகு அது ஒழுங்காக வாசித்தது. "ஜி, கதவைத் திறந்து, ஈ மைனர், வைத்துப் போகிறேன்." தம்பி கிட்டாரை மடியில் வைத்தான். அந்த வாரம் முழுவதும் ஆலையிலிருந்து திரும்பும்போது கீழ்த்தளத்திலிருந்து கம்பிகளின் ஒலி கேட்டது. அவள் படியில் நின்று கேட்பாள். சரியா தவறா என்று அவளுக்குத் தெரியாது. ஒலி கேட்கிறது என்பது தெரிந்தது.

டயர் கடை மாடியில் ஒத்திகை. ரப்பர் வாசனை, சுழல மறுக்கும் மின்விசிறி. குழு பாடத் தொடங்கியது, தம்பி வாசித்தான். முதல் வார்த்தை சேர்ந்தது. பாதி வரியில் கிட்டார் ஒரு பக்கமும் குரல்கள் ஒரு பக்கமும் இழுத்தன. வரி முடியும்போது குரல்கள் வந்துசேரும் முன்பே கிட்டார் போய்ச் சேர்ந்து, ஆளில்லாத பஸ் நிறுத்தத்தில் நிற்பவன்போல நின்றது. மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே மாதிரி.

"அவசரப்படாதப்பா" என்றார் ஹம்மிங் அண்ணன்.

"அவசரப்படலை அண்ணே. அது சொல்ற இடத்துலதான் மாத்துறேன்."

பின்வரிசையில் நின்ற தபால்காரர் தொண்டையைச் செருமினார். யாராவது திட்டியிருந்தால் பரவாயில்லை. மூன்றாவது தடவை குரல்கள் தணிந்து, கிட்டாருக்காக விட்டுக்கொடுத்துப் பாடின. தம்பி அதைக் கேட்டுவிட்டான். வாசிப்பதை நிறுத்தினான்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் கை அவள் தோளில் பாரமாக இருந்தது. குழாயடியைத் தாண்டியதும் சொன்னான்: "கண்ணு போச்சு, சரி. காதாவது இருக்குன்னு நெனச்சேன்."

கிட்டார் உறைக்குள் போயிற்று. தம்பி மனைவி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோது உள்ளே ஒரு கம்பி அதிர்ந்து அடங்கியது.

கத்திரியக்கா அடுத்த நாள் வேலைக்குப் போனாள். துக்கம் இருந்தாலும் துணி வெட்டித்தான் ஆகவேண்டும். காலையிலேயே தையல் பிரிவு மேற்பார்வையாளர் ஒரு கட்டுச் சட்டைக் கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைகளெல்லாம் முன்பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றன.

"எந்தப் புள்ளை தெச்சுது?" என்று கேட்டாள்.

"தையல்ல தப்பில்லக்கா. உங்க வெட்டு எங்க இருக்கோ அங்கதான் சேர்த்திருக்கு."

அவள் அளவுத்தாளை எடுத்துப் பார்த்தாள். கூரை ஒழுகிய ஈரத்தில் தாளின் ஒரு மூலை நனைந்து, காய்ந்து, சுருங்கியிருந்தது. அதில் இருந்த குறி நகர்ந்துவிட்டது. அவள் அந்தக் குறிக்கு நேராகத்தான் வெட்டியிருக்கிறாள், மயிரிழை பிசகாமல். வெட்டே இல்லாமல் விட்டிருந்தால் தையல்காரி கையைத் தோளில் வைத்துப் பார்த்துத் தானாகச் சரிசெய்திருப்பாள். வெட்டு இருந்ததால் அதை நம்பினாள். கோணலாகப் போவது தெரிந்தும் நம்பினாள்.

கத்திரியக்கா அந்தக் கைகளை மேசையில் வைத்துவிட்டு ஆலைக் கணினியின் பக்கம் திரும்பினாள். புதுக் கணினி. பழையது போன மாதம்தான் பழுதாகிப் போனது. கோப்புகளை மட்டும் புதியதற்கு மாற்றியிருந்தார்கள். பழையதில் ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலம். இடைவெளியும் அதே அகலம். புதியதில் எழுத்துகள் அழகாக இருந்தன, அகலமானது அகலமாக, ஒடுங்கியது ஒடுங்கியதாக. இடைவெளி எல்லாவற்றையும்விட ஒடுங்கியிருந்தது. நர்ஸம்மா பாட்டைத் திறந்தாள். மேல்வரியில் இருப்பது பெரும்பாலும் இடைவெளிதான். இடைவெளி சுருங்கினால் மேல்வரி மொத்தமும் இடதுபக்கம் சரியும். வரியின் கடைசிக்குப் போகப் போக அதிகமாகச் சரியும். முதல் கார்ட் நின்ற இடத்திலேயே நிற்கும், இரண்டாவது ஒரு வார்த்தை முந்தும், கடைசிக் கார்ட் ஆளுக்கு முன்னால் வீடுபோய்ச் சேரும்.

தம்பி அவசரப்படவில்லை. சரிந்த வரியை அவள்தான் வெட்டி நிலைநிறுத்தியிருந்தாள். சாக்பீஸ் கோடு தவறாக இருந்தால் அழிந்தாவது போயிருக்கும்.

பழைய எழுத்துரு பழைய கணினியோடு போயிற்று. நர்ஸம்மாவின் காகிதமும் இல்லை. நினைவுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை.

சாயங்காலம் அவள் தன் வீட்டுக்கு ஏறாமல் நேரே கீழ்த்தளத்துக்குப் போனாள். தம்பி ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ரேடியோ ஓடவில்லை.

"டேய், தப்பு என்னுது" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். சட்டைக் கைகளிலிருந்து தொடங்கியதால் அவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வெகுநேரம் விரலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த இடத்துல மாத்தும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சுக்கா" என்றான். "இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் மாறணும்னு கை சொல்லுச்சு. ஆனா எழுதியிருக்குல்ல, நர்ஸம்மா எழுதினதாச்சேன்னு அதையே நம்பினேன்."

"கை எங்க சொல்லுச்சு?"

"எப்படிச் சொல்றது? யாராவது பாடினாத்தான் தெரியும்."

"ஹம்மிங் அண்ணனைக் கூப்பிடட்டுமா?"

"அவரு வேணாம். மறுபடி எனக்காக இழுத்து இழுத்துப் பாடுவாரு." அவன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீ பாடு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கத்திரியக்கா வாழ்நாளில் பாடியதில்லை. பள்ளியில் கூட்டமாகப் பாடும்போதும் வாயை மட்டும் அசைத்தவள். ஆனால் நர்ஸம்மாவின் மெட்டு அவளுக்குள்ளும் இருந்தது. எல்லா ஒத்திகையிலும் ஜன்னலோரம் இருந்திருக்கிறாளே. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "கதவைத் திறந்து" என்று தொடங்கியபோது, அளவெடுத்துச் சொல்வதுபோல அது வந்தது.

"அண்ணி, கதவு திறக்குற சத்தம் நல்லாவே கேக்குது" என்றாள் தம்பி மனைவி உள்ளேயிருந்து.

"நீ வெங்காயத்தைப் பாரு" என்றாள் கத்திரியக்கா. மறுபடி தொடங்கினாள்.

தம்பி மனைவி ஈரக் கையோடு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து உறையை இழுத்துக் கொடுத்தாள்.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் பாடினாள். அவன் முதல் கார்டையே பிடித்துக்கொண்டு காத்திருந்தான். 'திறந்து' வந்தது, மாறவில்லை. 'வைத்துப்' வந்தது, மாறவில்லை. 'போ' என்று அவள் வாய் திறந்ததும் அவன் விரல்கள் நகர்ந்தன. அவளுக்குச் சங்கீதம் தெரியாதுதான். ஆனால் கை தோளில் போய்ச் சேர்வது எப்படி இருக்கும் என்று தெரியும். துணி திருகாமல் விழும். அப்படி விழுந்தது.

"இங்கயா?"

"இங்க."

போனில் பழைய வெட்டை அழித்துப் புதியதை வைத்தாள். கதவைத் திறந்து வைத்துப் [ஈ மைனர்]போகிறேன். அந்த வார மாலைகள் அப்படிப் போயின. அவள் குரல் ஒன்றும் தேறவில்லை. ஆனால் சீராக இருந்தது. யாருக்காகவும் அது விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க அதற்குத் தெரியாது. அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஒரே ஓர் இடம் மட்டும் நிற்கவில்லை. 'சாத்திவிடு' என்னும் கடைசி வார்த்தை. 'சா'வில் மாறினாலும் சேர்ந்தது. 'வி'யில் மாறினாலும் சேர்ந்தது. முதலாவது கதவை நாமே சாத்துவதுபோல இருந்தது. இரண்டாவது, அது தானாகச் சாத்திக்கொள்வதுபோல. இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான்.

"ரெண்டுல எதுடா?"

"அவங்க இருந்தாக் கேக்கலாம்" என்றான் தம்பி.

அந்த வார்த்தையின் முன்னால் அவள் விரல் நின்றது. சரிந்த வரியில் அந்த எழுத்து எங்கோ முன்னால் கிடந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவள் அங்கே அடைப்புக்குறி போடவில்லை. தெரியாத இடத்தில் வெட்டு வைக்கக்கூடாது என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியின் மாடிக் கூடம். நர்ஸ் உடுப்போடே பலர் வந்திருந்தார்கள். வேலைக்கு நடுவில் வந்தவர்கள், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மாவின் கணவர் முன்வரிசையில் கைகளை மடியில் கோத்துக்கொண்டிருந்தார். மறுபடி ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ஹம்மிங் அண்ணன் கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டு வைத்திருந்தார். அந்த மனிதர் வாசலோரம், தேவைப்பட்டால் வாசிக்கப் போகலாம் என்று நின்றார். கத்திரியக்கா அதைப் பார்த்தாள். தம்பியிடம் சொல்லவில்லை.

பாட்டுத் தொடங்கியது. கதவைத் திறந்து வைத்துப் போகிறேன். கிட்டார் 'போ'வில் மாறியது. குரல்களும் அங்கேயே வந்து நின்றன. தபால்காரர் செருமவில்லை. இரண்டாவது வரிக்குள் குரல்கள் தம்பிக்காகத் தணிவதை மறந்துவிட்டன. தங்கள் பாரத்தை அவன்மேல் வைத்துப் பாடின. அவன் தாங்கினான். பிரமாதமாக வாசித்தான் என்று சொல்ல முடியாது. ஓரிடத்தில் ஒரு கம்பி அழுந்தாமல் கரகரத்தது. ஆனால் எங்கும் முந்தவில்லை, எங்கும் பிந்தவில்லை.

கடைசி வரி வந்தது. காற்றே நீ வந்து. கத்திரியக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். 'சா'விலா, 'வி'யிலா? தம்பி இரண்டிலும் மாற்றவில்லை. 'வந்து' முடிந்ததும் உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்து ஒலியை அணைத்தான். 'சாத்திவிடு' என்பதைக் குரல்கள் மட்டும் பாடின. துணையில்லாமல் நின்றதில் அவை சற்றே நடுங்கின. யாரும் இழுக்கவில்லை. முடிந்த பிறகு அவன் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

நர்ஸம்மாவின் கணவர் கோத்த கையைப் பிரித்தார். வாசலோரம் நின்றவர் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனார்.

திரும்பும்போது தம்பியின் கை அவள் தோளில் இருந்தது. குழாயடியைத் தாண்டினார்கள்.

"அந்த இடத்துல ஒண்ணும் போட்டுடாதே" என்றான். "அப்படியே இருக்கட்டும்."

"போடலை."

"மத்தப் பாட்டெல்லாம் அதே மாதிரிதான் சரிஞ்சு கிடக்கா?"

"எல்லாமே. உனக்குப் பழக்கமானதால தெரியலை."

"பழசு விரல்ல இருக்கு, அது கிடக்கட்டும். ஹம்மிங் அண்ணன் புதுசா ஒண்ணு எடுக்கப் போறாராம். ரொம்ப வேகமான பாட்டு. அதெல்லாம் என்னால ஆகாது. இன்னொண்ணும் இருக்காம், மெதுவா." வாசல்படி வந்தது. வழக்கமாக அவள் 'படி' என்று சொன்ன பிறகுதான் காலைத் தூக்குவான். அன்று அவள் சொல்லுமுன் தூக்கினான். "அந்த மெதுவானதுக்கு நீ எப்ப பாடுவே?"

"வேலை முடிஞ்சு வந்துதான்" என்றாள் கத்திரியக்கா. "முதல்ல மெட்டு எனக்குப் பதியணும்ல."

உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் வந்தது: "பாட்டு இருக்குன்னா வெங்காயத்தை இப்பவே நறுக்கி வெச்சுடட்டுமா அண்ணி?"